குருதியின் வறுமை

இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் 'ஹைப்போக்ரோமியா' என்றொரு சொல் இடம்பெறுவதுண்டு. கேட்போரை அச்சுறுத்தும் இச்சொல்லின் பொருள் எளியது. கிரேக்க மொழியில் 'ஹைப்போ' என்றால் கீழ், குறைவு. 'க்ரோமா' என்றால் நிறம். இரத்தச் சிவப்பணுக்கள் உரிய அளவு சிவந்திராமல் வெளிறிக் காணப்படுவதையே மருத்துவர்கள் இப்பெயரால் குறிக்கின்றனர்.

சிவப்பணு, நடுவில் குழிந்த வட்டத் தட்டைப் போன்றது. சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கினால், அதன் குறுக்களவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயல்பாகவே வெளிறித் தோன்றும். அவ்வெளிறல் அகன்று, விளிம்பில் மட்டும் சிவப்பு எஞ்சுமானால் அதுவே ஹைப்போக்ரோமியா. நிறம் தரும் ஹீமோகுளோபின் குறைந்ததே அதன் காரணம். ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் அவற்றைப் பற்றிக்கொண்டே உடலெங்கும் செல்கிறது.

திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்தின் பெயர் 'அல்ஹதீத்', அதாவது இரும்பு. அதன் 25ஆம் வசனம் இரும்பிலுள்ள வலிமையையும் மனிதர்க்கான பயன்களையும் நினைவூட்டுகிறது. இரும்பு என்றதும் வாளையும் ஏரையும் எண்ணும் நாம், நம் குருதியில் ஓடும் இரும்புக்காகவும் இறைவனுக்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்டுள்ளோம்.

தமிழில் இரத்த சோகை எனப்படும் நோயை அரபியர் 'ஃபக்ருத் தம்' என்பர். 'ஃபக்ர்' என்றால் வறுமை. 'தம்' என்றால் இரத்தம். 'ஃபகீர்' என்னும் சொல்லும் இவ்வேரிலிருந்து பிறந்ததே. ஏழைக்கு நம் செல்வத்தில் உரிமை உண்டு என்பதை மதரஸாவின் தொடக்க வகுப்பிலேயே கற்பிக்கிறோம். அவ்வாறாயின், குருதி வறுமையுற்றவருக்கும் நம் வீட்டு உணவில் உரிமை உண்டன்றோ?

சென்ற ஷஅபான் மாதத்தில் மாணவி ஒருத்தியின் தாயார் இத்தகைய அறிக்கையுடன் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், நோன்பை விட்டால் ஊர் என்ன சொல்லும்?" என்பதே அவருடைய முதற்கேள்வி. மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பதையும், அனைவரும் உண்டபின் எஞ்சியதையே தாம் உண்பதையும் பிறகுதான் கூறினார். நோயாளி பிந்திய நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்னும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184ஆம் வசனம் தருகிறது. "நோன்பு நோய்க்குத் தீங்காகுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், தீங்காகும் என்றால் களாச் செய்துகொள்ளுங்கள். அல்லாஹ் தந்த சலுகைக்கு ஊரின் அனுமதி வேண்டியதில்லை" என்று கூறி அனுப்பினோம். அவருடைய கணவரிடம் தனியே பேசியது உணவுத் தட்டைப் பற்றி.

சிவப்பணுக்கள் வெளிறுவதற்குப் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவே காரணம். எனினும் தலசீமியா என்னும் பரம்பரைக் குறைபாட்டிலும் அவை வெளிறும். அந்நோயாளிக்குத் தேவையின்றித் தரப்படும் இரும்பு தீங்காகலாம். ஆகவே காரணத்தை அறியாமல் மாத்திரை உட்கொள்வது முறையன்று. இரும்புச்சத்து மருத்துவரால் பரிந்துரைக்கப்பட்டால், உணவோடு தேநீர் அருந்துவதைத் தவிர்ப்பது நலம். தேநீர் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவை அதற்குத் துணைபுரியும். ஈரல், இறைச்சி, கீரை, பயறு ஆகியவற்றில் வீட்டுப் பெண்களுக்குரிய பங்கை முதலிலேயே எடுத்து வைப்பது நம் பொறுப்பு.

உடல் ஓர் அமானிதம். நம் இல்லத்துப் பெண்களின் முகம் வெளிறியிருப்பதைக் கண்டும் காணாதிருப்போராக நம்மை ஆக்காமல், அவர்களுக்குப் பூரண ஆரோக்கியத்தை அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.