பரண்மேல் விட்டுவந்த ஸ்பைடர்

மூணாறு ஈரத்தில் காமிக்ஸ் புத்தகத்தின் பின்னுக்கு ஆயுசு குறைவு. ஒரே மழைக்காலத்தில் துருவேறி, நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை இறங்கிவிடும். பூசணம் பிடிக்காமலிருக்க அடுப்புக்கு மேலே பரணில், அம்மா கொழுந்தெடுக்கக் கட்டும் படங்கு காய்கிற கொடிக்குப் பக்கத்தில், புத்தகங்களை அடுக்கிவைப்போம். அதனால் எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளில், முத்து காமிக்ஸுக்கும் லயன் காமிக்ஸுக்கும் ராணி காமிக்ஸுக்கும் ஒரே வாசம்தான்: யூக்கலிப்டஸ் விறகுப் புகை. இப்போதும் பழைய இதழ் எது கைக்கு வந்தாலும் முகர்ந்து பார்க்கிறேன். எதிலும் அது இல்லை.

டாப் ஸ்டேஷன் போகிற வழியில், செண்டுவாரைப் பக்கம் எங்கள் லயம். திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கங்காணிகள் கூட்டிவந்த சனங்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். கேரளத்தில் பிறந்தோம், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தோம், கதைக்கு மலையின் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தோம். யாராவது போடிக்கு இறங்கினால் போதும், அவர் திரும்பிவருகிற பஸ்ஸுக்குப் பிள்ளைகள் காத்துக் கிடப்போம். பூப்பாறை, போடிமெட்டு வழியாகக் கொண்டைஊசி வளைவுகளில் ஏறிவரும் அந்தப் பஸ்ஸில், கருவாட்டுக்கும் வெற்றிலைக் கட்டுக்கும் நடுவில் இரும்புக்கை மாயாவி வருவார்.

அமெரிக்கக் காமிக்ஸில், கோள்களைத் தின்னும் கேலக்டஸை ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1966-இல் படைத்தார்கள். ஜிம் ஸ்டார்லின் எழுதிய தானோஸின் பெருங்கதை 1991-இல் வந்தது. அவையெல்லாம் எங்கள் மலைக்கு ஏறி வரவில்லை. எங்களுக்குக் கிடைத்த பிரபஞ்சம் சிவகாசியில் அச்சானது. சௌந்தரபாண்டியன் 1972-இல் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். ஆய்வுக்கூட விபத்துக்குப் பிறகு, உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகும் மனிதன். இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும். 1984-இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தது. எங்கள் தலைமுறைக்கு அந்த ஆண்டு ஒரு பொற்காலத்தின் தொடக்கம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

மாயாவியை மதித்தேன். உயிரையே வைத்திருந்தது ஸ்பைடர்மீது. கூர்ந்த காது, நெற்றியில் இறங்கும் கருமுடி, முதுகில் பறக்கும் கருவி, கையில் வலைத் துப்பாக்கி. ஸ்காட்லாந்திலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து அமெரிக்காவில் கட்டிய கோட்டை அவன் இருப்பிடம். ஆர்டினியும் பெல்ஹாமும் அவன் கூட்டாளிகள். குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாகத் தொடங்கி நீதிக்காவலனாக மாறியவன். அவனுக்கு வாய்த்த எதிரிகளோ ஒவ்வொருவரும் உலகையே விழுங்கப் பார்ப்பவர்கள்.

அந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல் என்று மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். 1938-இல் வேற்றுக் கிரகத்துக் குழந்தையை உலகத்துக்குக் கொடுத்தவர், பின்னாளில் லண்டன் வார இதழ் ஒன்றுக்காக எழுதிய கதை சிவகாசி வழியாகத் தேயிலைக்காட்டுக்கு வந்திருக்கிறது. இதை அறிந்த அன்று அம்மாவிடம் சொன்னேன். "நல்ல மனுசனா இருப்பாம்போல" என்றாள்.

இன்னொன்றையும் அப்புறம்தான் கவனித்தேன். இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை ஸ்பைடர் சாவின் விளிம்புக்குப் போவான். பள்ளத்தில் விழுவான், சுவர்கள் நெருக்கும், விஷப்புகை சூழும். இங்கிலாந்துப் பிள்ளைகள் வாரம் இரண்டு பக்கமாகப் படித்த தொடர் அது. அங்கே ஒரு வாரம் தவித்த தவிப்பை நாங்கள் பக்கம் புரட்டுகிற நேரத்தில் கடந்தோம். ஆனாலும் எங்கள் லயத்தில் அந்த இடங்களில் நிற்போம். பக்கத்து வீட்டு அண்ணன் சத்தம்போட்டு வாசிப்பார். ஆபத்து வந்ததும் புத்தகத்தை மூடி, "யாராச்சும் கட்டன் சாயா கொண்டாங்கலே" என்பார். சாயா வராமல் ஸ்பைடர் தப்பிக்க மாட்டான்.

ஆடி மாதத்துச் சாரலில் தகரக் கூரை இரையும்போது அவர் தொண்டை கிழியக் கத்தி வாசிக்க வேண்டும். எழுத்தறியாத ஒரு பாட்டி தவறாமல் வந்து உட்காருவாள். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துக் கறுத்த விரல்களை அடுப்பில் காட்டிக்கொண்டே கேட்பாள். மாயாவி கதையில் அவளுக்கு ஒரே சந்தேகம்: "ஏலே, அந்தக் கையோட அவன் சோறு எப்படிலே திம்பான்?" இயந்திர மனிதன் ஆர்ச்சி காலத்தைக் கடக்கும் கோட்டையில் ஏறிப் பழங்காலத்துக்குப் போனபோது, தன் தாத்தா மலையேறி வந்த நாளுக்கு அந்தக் கோட்டை போகுமா என்று கேட்டாள். அண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டார். நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

தோட்டத்து வீடு வேலைக்குத்தான் சொந்தம். பணி ஓய்வு வந்தால் லயத்தைக் காலிசெய்ய வேண்டும். பல குடும்பங்கள் அப்படித்தான் மலையிறங்கின. அம்மா ஓய்வு பெற்றதும் நாங்களும் சங்கரன்கோவில் பக்கம், எங்களுக்குப் பெரிதாகப் பழக்கமில்லாத சொந்த ஊருக்கு, சாமான்களை ஏற்றினோம். பாத்திரங்கள், கம்பளி, அம்மி, சாமிப்படம். லாரியில் அதற்குமேல் இடமில்லை. பரணிலிருந்த புத்தகங்கள் பரணிலேயே நின்றன. அடுத்து குடிவந்தவர்கள் வாசித்தார்களா, அடுப்பு பற்றவைத்தார்களா, கேட்டுச் சொல்ல ஆளில்லை. அண்ணன் திருப்பூருக்குப் போனார். பாட்டி தோட்டத்து மண்ணிலேயே அடங்கினாள்.

2012-இல் லயன் புத்துயிர் பெற்றுப் பெரிய அளவிலும் பளபளப்பான தாளிலும் வரத் தொடங்கியது. மாயாவியும் ஸ்பைடரும் மறுபதிப்பாக வந்தார்கள். வாங்கினேன், வாங்கிக்கொண்டும் இருக்கிறேன். நான்கு பத்தாண்டுகளாக விஜயன் இதைக் கைவிடாமல் நடத்திவருவது தமிழுக்குச் செய்த பெரிய தொண்டு, நன்றியோடுதான் சொல்கிறேன். என் மகனுக்குத் தானோஸ் தெரியும், ஸ்பைடரையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தனியறையில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு படிக்கிறான். நானும் தனியாகத்தான் படிக்கிறேன். ஸ்பைடர் பள்ளத்தில் விழும் பக்கத்தில் நிறுத்திச் சாயா கேட்க எனக்கு ஆளில்லை. நான் தேடுவது அந்தப் புத்தகங்களை மட்டும் என்றால் பழைய புத்தகக்காரரிடம் பணம் கொடுத்து முடித்திருப்பேன்.

இதைப் படிக்கிறவர்களில் மூணாற்றிலோ வால்பாறையிலோ லயத்தில் இருப்பவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். பரணில் பழைய முத்து, லயன், ராணி ஏதாவது கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். அட்டை கிழிந்திருந்தாலும், பின் துருவேறியிருந்தாலும் பரவாயில்லை. உள்ளே யாராவது பிள்ளை பேரெழுதி வைத்திருக்கும், பாருங்கள். அந்தப் பேர்க்காரரைத் தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். எங்கே இருந்தாலும் வந்து வாங்கிக்கொள்வார்.