ஆமா போடுகிறவர்கள்

வில்லுப்பாட்டுக் குழுவிலே ஒருவருக்குக் கதை சொல்லத் தெரியவேண்டும். ஒருவருக்குக் குடம் அடிக்கத் தெரியவேண்டும். இன்னொருவருக்கு உடுக்குக் கைவரவேண்டும். இவர்களுக்குப் பக்கத்திலே மற்றுமொருவர் அமர்ந்திருப்பார். அவருக்குத் தெரியவேண்டியது 'ஆமா' என்னும் ஒரு சொல் மாத்திரமே என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அது உண்மையன்று. தலைமைப் புலவர் ஒரு வசனத்தைச் சொல்லி நிறுத்துகிறார். இவர் ஆமா என்கிறார். இன்னொரு வசனம், மீண்டும் ஆமா. மூன்றாவது வசனத்திலே திடீரென்று "அதெப்படி அண்ணை?" என்று மறித்துக் கேட்கிறார். அந்தக் கேள்வி அவருடையதன்று. பாயிலே குந்தியிருக்கும் கிழவியின் மனத்தில் அந்தக் கணம் எழுந்த கேள்வி அது. சபையிலிருந்து ஒருவரைத் தூக்கி மேடையில் வைத்துவிட்டு, அவர் வாயினால் சபையைப் பேசவைக்கும் தந்திரத்தை எந்தப் பண்டிதர் கண்டுபிடித்தாரோ தெரியாது. பண்டிதராக இருந்திருக்கமாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தவர் எவரும் வீட்டிலே 'ஆமா' சொல்வதில்லை. நமக்கு 'ஓம்' தான். நாகர்கோயில், திருநெல்வேலிப் பக்கத்துக் கொடை விழாக்களில் பிறந்த இக்கலை கடல் கடந்து வந்தபோது தன் ஆமாவையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. தாய்க்கு ஓம் சொல்லும் பிள்ளைகள் வில்லுக்கு முன்னால் ஆமா சொன்னார்கள். எவரும் அதை மாற்ற முற்படவில்லை. மக்கள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்போது அனுமதி கேட்பதுமில்லை, இலக்கணம் பார்ப்பதுமில்லை.

நாகர்கோயிலைச் சேர்ந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908 - 1957) வில்லைக் கோயில் முற்றத்திலிருந்து பொதுமேடைக்குக் கொண்டுவந்தார். கொத்தமங்கலம் சுப்பு காந்தியின் கதையை வில்லில் ஏற்றினார். ஈழத்திலே வில்லிசை என்றதும் 2015இல் காலமான நாச்சிமார் கோயிலடி சின்னமணியின் பெயரே பலர் நாவில் வரும். நான் இங்கே எழுதப்போகும் கலைஞர் அவரல்லர். இவர் சிறிய கலைஞர்; பெயர் வேண்டாம்.

1970ஆம் ஆண்டு, வடமராட்சியிலே ஒரு கிராமத்துக் கோயில் திருவிழா. நான் அப்பொழுது அயற் கிராமத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியனாகச் சேர்ந்து ஓராண்டும் ஆகவில்லை. அரிச்சந்திரன் கதை என்று துண்டுப்பிரசுரம் போட்டிருந்தார்கள். மயான காண்டத்துக்கு யாழ்ப்பாணத்தில் என்றும் கூட்டம் குறைந்ததில்லை, நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திரனைப் பார்க்க மக்கள் எத்தனை மைல் நடந்தார்கள் என்பதை முதியோர் அறிவர். ஆகவே அன்றும் வீதி நிரம்பியிருந்தது.

எப்படி நிரம்பியிருந்தது என்பதுதான் விஷயம். முன்னாலே கதிரைகள்: தர்மகர்த்தாவும் உபயகாரரும், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் நால்வரும். என்னையும் வாத்தியார் என்று அங்கே இருத்திவிட்டார்கள். கதிரைகளுக்குப் பின்னே பாய்களில் ஆண்கள். வலப்புறம் பெண்களும் குழந்தைகளும். கோயில் வீதிக்கு ஒரு கிடுகு வேலி இருந்தது. அந்த வேலிக்கு வெளியே, ஒலிபெருக்கியின் வாய் பார்க்கும் பக்கத்தில், இருட்டிலே இன்னொரு சபை நின்றுகொண்டிருந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. மாவிட்டபுரத்து வாசலில் மக்கள் நின்று போராடி இரண்டு ஆண்டுகள். ஆயினும் அந்தக் கிடுகுவேலி நின்றது. பகலில் பார்த்தால் அது இடுப்பளவு உயரந்தான்.

கதை தொடங்கியது. புலவருக்கு நல்ல குரல். வீசுகோல் நாணில் விழ மணிகள் கலகலத்தன. குடத்தின் வாயில் மட்டை விழும்போது நெஞ்சுக்குள் ஒரு 'தும்' கேட்டது. நாட்டை இழந்தான், நகரை இழந்தான், காசிக்கு வந்து மனைவியை விற்றான். சந்திரமதி காலகண்டர் வீட்டுக்கு அடிமையாகப் போகையிலே பெண்கள் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்கத் தொடங்கியது. ஒரு கிழவி வாய்விட்டே, "பாவி, கொண்ட பெண்சாதியை வித்துப்போட்டானே" என்றாள். சத்தியத்துக்காக மனைவியை விற்றவனைப் பாவி என்று சொல்ல எந்தச் சமயப் பிரசங்கியாருக்கும் துணிவு வராது. அவளுக்கு வந்தது. அவளைச் சுற்றியிருந்த பெண்கள் எவரும் அதை மறுக்கவுமில்லை.

அடுத்துச் சுடலை காக்கும் வீரவாகு வந்தான். அரிச்சந்திரனை விலைக்கு வாங்கும் புலையன். இங்கேதான் புலவர் தம் சரக்கை அவிழ்த்தார். வீரவாகுவுக்கு ஒரு கொச்சைப் பேச்சு, ஒரு குழறல், ஒரு கள் ஏப்பம். ஆமா போடுகிறவரும் தம் பங்குக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி உட்கார்ந்தார். கதிரைகள் குலுங்கின. பாய்களும் சிரித்தன. கால் மணி நேரம் இது நடந்தது.

வேலிக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். முகங்கள் தெரியவில்லை, இரண்டு மூன்று சுருட்டு நெருப்புகள் மட்டும் தெரிந்தன. ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்த மௌனத்தைக் கோபம் என்று எழுதிவிட என் பேனா ஆசைப்படுகிறது. ஆனால் அது மழை விடுமென்று ஒதுங்கி நிற்பவர்களின் மௌனமாகவே எனக்குப் பட்டது. அந்தப் பழக்கந்தான் கோபத்திலும் கொடியதாக என்னை உறுத்தியது.

பின்னர் மயானம். லோகிதாசன் பாம்பு தீண்டி இறந்தான். சந்திரமதி பிணத்தைச் சுமந்து வந்தாள். புலவர் சிதை அடுக்குவதை வர்ணித்தார். கட்டையை இப்படி வைத்து, அதன்மேல் அப்படி வைத்து என்று கையினாலே காட்டினார். அப்பொழுது இருட்டிலிருந்து ஒரு குரல், மெல்லத்தான், ஆனால் தெளிவாக வந்தது: "உப்பிடி அடுக்கினால் பாதியிலை சரிஞ்சு போம்." வேலிக்கு வெளியே குபீரென்று சிரிப்பு எழுந்தது. அந்த இரவில் அவர்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான். கதிரைகளில் இருந்தவர்களுக்கு என்ன நடந்ததென்று விளங்கவில்லை. அழவேண்டிய இடத்தில் சிரிக்கிறார்களே என்று ஒருவர் முகஞ்சுளித்தார். அவருக்குச் சுடலை பயங்கரமான இடம். வாழ்க்கையில் சில தடவைகள் போய், திரும்பிப் பாராமல் வந்து, தலை முழுகும் இடம். வெளியே நின்றவர்களுக்கோ அது வேலைத்தலம். தம் தொழிலை அறியாத ஒருவர் அத்தொழிலைப்பற்றிப் பேசுகையில் எந்தத் தொழிலாளிக்கும் வரும் சிரிப்பே அது.

கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் தராமல் மகனைச் சுடவிடேன் என்று அரிச்சந்திரன் மறுக்குமிடம் வந்தது. வாய்க்கரிசி எனக்குரியது, மற்றவை என் எசமானுக்குரியவை, அவற்றை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்கிறான். புலவர் வசனத்தை நிறுத்தினார். பக்கத்திலிருந்தவர் ஆமா சொல்ல வாய் திறக்குமுன், வேலிக்கு வெளியேயிருந்து பல குரல்கள் சேர்ந்து ஆமா என்றன. புலவரே ஒரு கணம் திகைத்து, அந்தத் திசையை அன்று முதன்முறையாகப் பார்த்தார்.

கூட்டம் கலைந்தபின், சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கையால் வருகையில், வெளியே நின்றவர்களில் ஒரு முதியவர் எனக்கு முன்னே நடந்துகொண்டிருந்தார். செத்தவீடுகளில் பறை முழக்கும் அவரை எனக்கு முகப் பழக்கம் உண்டு. கதை எப்படி அப்பு என்று கேட்டேன். சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பிறகு சொன்னார்:

"வாத்தியார், அந்தக் கதையிலை எல்லாரும் அரிச்சந்திரனைச் சோதிச்சவைதான். முனிவர் சோதிச்சார். தேவர் மேலை இருந்து பார்த்தினம். வாங்கிறன் எண்டு சொல்லி, சொன்ன காசைச் சொன்ன இடத்திலை எண்ணிக் குடுத்தவன் ஆர்? எங்கடை ஆள். அவனைச் சொல்லித்தானே முன்னுக்கு இருந்தவை சிரிச்சவை."

நான் கல்லூரியில் அரிச்சந்திர புராணம் படித்தவன். வீரவாகுவை அவ்விதம் எனக்கு எவரும் காட்டியதில்லை.

இரண்டு கிழமைகளுக்குப் பிறகு, உழைப்பாளி மக்கள் வாழும் ஒரு சிற்றூரின் வாசிகசாலை ஆண்டுவிழாவில் அதே புலவர், அதே கதை. ஒரே ஒரு கதிரைதான் இருந்தது, அது தலைவருக்கு. மற்ற எல்லோரும் மணலில். வீரவாகு வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குழறல் இல்லை, ஏப்பம் இல்லை. வீரவாகு நிமிர்ந்த தமிழ் பேசினான். சிரிப்பு முழுவதும் காலகண்டர்மீது திருப்பிவிடப்பட்டிருந்தது: சந்திரமதிக்கு அரை வயிற்றுக் கஞ்சி ஊற்றி முழு நாள் வேலை வாங்கும் அவருடைய கஞ்சத்தனத்தைச் சொல்லிச் சொல்லி மணலில் இருந்தவர்களைப் புரளவைத்தார். சிதை அடுக்கும் பகுதியை முற்றாகத் தவிர்த்துவிட்டார்!

தேநீர்க் கடையில் அவரை மறித்துக் கேட்டேன். ஏன் இந்த மாற்றம், இரண்டில் எது உங்கள் கதை என்று. அவர் கோபிக்கவில்லை. "தம்பி, அங்கை சிரிச்சது அவை. இங்கை சிரிச்சது இவை. நான் இரண்டிடத்திலும் வில்லுத்தான் அடிச்சனான்" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "ஆனால் அண்டைக்கு அந்த வேலிக்குப் பின்னாலை இருந்து ஆமா எண்டினம், கேட்டனீரே? அது எனக்கு இன்னும் காதுக்குள்ளை கிடக்கு" என்றார்.

அவர் கூறியதில் பாதியை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கமாட்டேன். வில் எவர் கையிலிருக்கிறதோ அவருக்குப் பொறுப்பு உண்டு. சபை சிரிக்கிறது என்பதற்காக ஒரு மனிதக் கூட்டத்தை மூக்கைப் பொத்திக் காட்டுவது கலையாகாது. ஆனால் மறுபாதி பொய்யன்று. வாய்மொழிக் கதை அச்சேறிய நூலைப் போன்றதன்று. கேட்கிறவனின் முகத்தைப் பார்த்து ஒவ்வோரிரவும் அது புதிதாக எழுதப்படுகிறது. யார் முகம் வெளிச்சத்தில் இருக்கிறது என்பதே கேள்வி.

பேராசிரியர் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதையைப்பற்றி எழுதியவற்றைப் பின்னாளில் படிக்க நேர்ந்தபோது இந்த எண்ணம் இன்னும் வலுப்பட்டது. நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டுக் கதைகளில் தலையாயது அது. பிராமணனான முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான்; தன் குலத்தை உதறிவிட்டு அவர்கள் குலத்தொழிலை ஏற்கிறான்; மாடு கவரவந்தவர்களோடு போரிட்டு மாள்கிறான். இக்கதையிலே அப்பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகளே, கைவிடப்பட்டு அக்குடியில் வளர்ந்தவர்கள் என்றொரு பகுதி பிற்காலத்தில் நுழைந்துவிட்டது. அது இடைச்செருகல் என்று வானமாமலை எடுத்துக்காட்டினார். யாரோ சில கதிரைகள் முன்வரிசையில் நெளிந்திருக்கவேண்டும். யாரோ ஒரு புலவர் அந்த நெளிவைக் கண்டிருக்கவேண்டும். ஒரு காதலின் வீரத்தை ஒரு பிறப்புச் சான்றிதழால் அடித்துவிட்டார்கள். அப்படியிருந்தும் கொடை விழாக்களில் பட்டன் இறக்கும் பகுதி வரும்போது வில்லின் வேகம் ஏற, கோமரத்தாடிகள் ஆவேசங்கொண்டு ஆடுகிறார்கள். செருகல் நுழைந்தும் மக்கள் தமக்கு வேண்டிய முத்துப்பட்டனைக் கைவிட்டுவிடவில்லை.

நம்முடைய தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுபதுகளில் முற்போக்கு வில்லுப்பாட்டுகள் சில கேட்டிருக்கிறேன். கருத்துகள் அத்தனையும் சரியானவை. சபை மரியாதையாகக் கேட்டது, மரியாதையாகக் கைதட்டியது. அரசாங்க இலாகாக்கள் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் சிறுசேமிப்புக்கும் பாடவைத்த வில்லுப்பாட்டுகளுக்கும் இதே மரியாதைதான் கிடைத்தது. அவற்றில் ஆமா போடுகிறவர் எதையுமே சந்தேகிப்பதில்லை, "அதெப்படி அண்ணை?" என்று ஒருதரமும் கேட்பதில்லை. அந்த உத்தியோகத்துக்கு நம் பேச்சுவழக்கில் வேறு பொருள் உண்டு என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. அரிச்சந்திரனைப் பாவி என்று சொன்ன அந்தக் கிழவிக்கு வாய் திறக்க ஓரிடம் வைத்து எழுதப்பட்ட ஒரு பாட்டை நான் அக்காலத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்கு மைல் நடந்து போயிருப்பேன்.

யுத்தம் அந்தக் கிராமத்தையும் பெயர்த்தெறிந்தது. கிடுகு வேலி போய் மதில் வந்திருக்கிறது. இன்று அங்கே யாரும் வெளியே நிற்பதில்லை என்கிறார்கள். வாசலுக்குள் வந்தவர்கள் எல்லோரும் உபயகாரர் பட்டியலுக்குள்ளும் வந்துவிட்டார்களா என்று நான் கேட்டபோது பேச்சை மாற்றினார்கள். திருவிழாவுக்கு இசைக்குழு வருகிறது. சனங்கள் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துப் படமெடுக்கிறார்கள். படம் பிடிப்பவன் ஆமா சொன்னால் தன் குரலும் அதிலே பதிந்துவிடும் என்று வாயை மூடிக்கொள்கிறான்.

வில்லுப்பாட்டு பாடசாலைகளில் இருக்கிறது. தமிழ்த்தினப் போட்டிகளில் அதுவும் ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வலயப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி ஆமா போட்டாள். என்ன குரல்! என்ன நேரம் தவறாமை! இடையிலே அவள் "அதெப்படி அக்கா?" என்று கேட்டுவிட்டுச் சபையைப் பார்த்தாள். சபையிலே அடுத்துப் போட்டியிடும் பிள்ளைகள் தங்கள் வரிகளை முணுமுணுத்து மனனம் செய்துகொண்டிருந்தார்கள். நடுவர்களைப் பார்த்தாள். மூவரும் குனிந்து புள்ளி எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில், மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்களைக் காவலிருந்த ஒரு தாய் மட்டும், தன்னை மறந்து, "ஓம் பிள்ளை, அதெப்படி?" என்றாள்.