சேப்பாக்கத்துக்கு ஒரு காலண்டர் தாள்

பட்டாசு ஆபீஸில் கணக்கு எழுதுகிறவருக்குக் கிரிக்கெட் பைத்தியம் பிடிக்கக் கூடாது. பிடித்தால் என் அப்பா கதிதான். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட் 'டை' ஆனபோது அப்பா சிவகாசியில் தீபாவளி லோடு கணக்கில் மூழ்கியிருந்தார். 1987 அக்டோபரில், உலகக் கோப்பையில், அதே மைதானத்தில் அதே ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றோமே, அன்றைக்கும் அதே லோடு, அதே கணக்கு. எங்கள் ஊரில் தீபாவளிக்கு முன்னால் லீவு கேட்பதும் வேலையை விடுவதும் ஒன்றுதான். பாவம், வாழ்நாள் முழுக்க டிரான்ஸிஸ்டரில்தான் மேட்ச் 'பார்த்தார்'.

1999 ஜனவரியில் விடிவுகாலம் வந்தது. 1987-க்குப் பிறகு முதல் தடவையாக பாகிஸ்தான் இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்தது. டெல்லி பிட்சை சிவசேனைக்காரர்கள் கொத்திப் போட்டுவிட்டதால், முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. ஜனவரியில் எவன் பட்டாசு கேட்கப் போகிறான்? முதலாளி ஒரு வார்த்தை பேசாமல் லீவு கொடுத்துவிட்டார், திங்கள் காலை வந்துவிட வேண்டும் என்ற கண்டிஷனோடு.

கார் ஏது எங்களுக்கு? டவுன் பஸ்ஸே எங்களுக்குக் கார். அப்பா தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் திட்டம் போட்டார். (சிவகாசியில் வெள்ளைப் பேப்பர் வாங்குகிறவன் முட்டாள்.) சனி மாலை சென்னை பஸ். ஞாயிறு விடிகாலை பாரிமுனை. கோயம்பேடு பஸ் நிலையம் 2002-ல்தான் வந்தது, அதுவரை பாரிமுனைதான். இப்போது கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறார்களே, அப்பா பார்த்தால் காலண்டரையே கிழித்திருப்பார். அங்கிருந்து பீச் ஸ்டேஷன் நடை. பறக்கும் ரயில். கோட்டை, பார்க் டவுன், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம். கடைசி வரிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு: 'ஆட்டம் முடிய அரை மணி இருக்கும்போதே எழுந்துவிட வேண்டும். பஸ் ரிசர்வேஷன்.'

டிக்கெட் வாங்கித் தந்த சித்தப்பா பாரிமுனைக்கே வந்திருந்தார். முதல் கேள்வி, "பட்டாசு கொண்டாந்தீங்களா அண்ணே?" சிவகாசிக்காரன் வெறுங்கையோடு வந்தால் மெட்ராஸில் மதிப்பில்லை. பஸ்ஸில் பட்டாசு ஏற்றக் கூடாது என்று அப்பா சட்டம் பேச, சித்தப்பா முகம் நமுத்த புஸ்வாணம் ஆகிவிட்டது.

மைதான வாசலில் பயங்கர சோதனை. எங்கள் முறை வந்தது.

"எந்த ஊரு பெரியவரே?"

"சிவகாசி."

போலீஸ்காரர் பையை இரண்டாவது தடவையும் கொட்டினார். உள்ளேயிருந்து ஒரு தீப்பெட்டி விழுந்தது. வெளியூர் போனால் தீப்பெட்டி வேண்டாமா என்று அம்மா வைத்தது! அப்பா பீடிகூடக் குடிக்காதவர். அரை மணி விளக்கம் சொல்லி, தீப்பெட்டியைத் தியாகம் செய்தோம். புளியோதரை இருந்த எவர்சில்வர் தூக்குக்கும் அனுமதி இல்லை. சோற்றை மஞ்சப் பைக்கு மாற்றி, தூக்கை ஒரு டீக்கடையில் ஒப்படைத்துவிட்டுப் போனோம்.

ஜெயிக்க 271. 82 ரன்னுக்குள் 5 விக்கெட் காலி. "நம்ம ராசிடா இது. நான் ரேடியோவிலேயே இருந்திருக்கணும்" என்றார் அப்பா. அப்புறம் டெண்டுல்கரும் மோங்கியாவும் நின்றார்கள். டெண்டுல்கருக்கு முதுகு வலி. ஒவ்வொரு தடவை அவர் இடுப்பைப் பிடிக்கும்போதும் அப்பாவும் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

நான் மணி பார்த்தேன். காலண்டர் தாளை நீட்டினேன்.

"அப்பா, எழுந்திருக்கணும்."

அப்பா அதை வாங்கி, நாலாக மடித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

136 எடுத்த டெண்டுல்கர், இன்னும் 17 ரன் இருக்கையில் சக்லைன் பந்தைத் தூக்கி அடித்து அவுட். மிச்சம் மூணு விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் போயின. 12 ரன்னில் தோல்வி. அத்தனை ஆயிரம் பேர் இருந்த இடத்தில் பேச்சு மூச்சு இல்லை. பாகிஸ்தான்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். எனக்கு ஒரே பயம், இப்போது என்ன பறக்குமோ என்று. எங்கேயோ ஒரு மூலையில் கைதட்டல் ஆரம்பித்தது. பக்கத்து வரிசை எழுந்தது. பார்த்தால், அப்பா எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். சோகமா, சந்தோஷமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பஸ் போய்விட்டது. திருச்சி வரைக்கும் ஒரு பஸ், மதுரைக்கு ஒன்று, விருதுநகருக்கு ஒன்று, பாதி தூரம் நின்றுகொண்டே. திங்கட்கிழமை வெயில் ஏறிய பிறகுதான் வீடு வந்தோம். முதலாளி ஆள் விட்டிருந்தார், இரண்டு தடவை. அப்பா வாசலிலேயே அம்மாவுக்குக் கடைசி ஓவர்களை நேர்முக வர்ணனை செய்ய ஆரம்பித்தார். டெண்டுல்கர் அவுட் ஆகும் இடம் வந்ததும் குரல் கம்மியது.

அம்மா முழுசும் கேட்டுக்கொண்டாள். பிறகு பையை எட்டிப் பார்த்தாள்.

"அதெல்லாம் சரி. என் தூக்குச்சட்டி எங்க?"