ஏழாம் பாத்தி

ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் தாமான் மண்ணைத் தோண்டினால் பாதி மணல்தான் வரும். பக்கத்து மைன்ஸ் ஏரியே பழைய ஈயக் குட்டை. கோழி எருவும் காய்ந்த இலையும் கொட்டிக் கொட்டி, இரண்டு வருஷம் கழித்துத்தான் எங்கள் கூட்டுத் தோட்டத்தில் கத்தரி காய்த்தது. அப்படிப்பட்ட மண்ணை ஒருவர் சும்மா போட்டுவைத்தால் வயிறு எரியாதா?

ஏழாம் பாத்தி ஓர் அக்காவுடையது. மூன்று மாதமாக ஆளைக் காணோம். பாகல் கொடி கம்பிவேலியில் ஏறிவிட்டது, அடியில் லாலாங் புல். மேலோடு வெட்டினால் லாலாங் முடி வெட்டிக்கொண்ட பையன் மாதிரி தெம்பாக நிற்கும். மண்ணுக்கடியில் வெள்ளைத் தண்டு ஓடும், நுனி ஊசி. ஒரு துண்டு தங்கினாலும் முளைக்கும். பக்கத்துப் பாத்தி மரவள்ளிக் கிழங்கையே துளைத்துக்கொண்டு போயிருந்தது. போதாததற்கு மறந்துபோன பூவாளியில் மழைத்தண்ணீர், அதில் கொசுப்புழு நெளிகிறது. ஏடிஸ் முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

"இரண்டு வாரம் நோட்டீஸ், அப்புறம் வேற ஆளுக்கு" என்று கூட்டத்தில் முடிவானது. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். சிங்கப்பூரில் பூங்கா வாரியம் 2016 முதல் வாடகைக்கு விடும் பாத்திகளுக்கு மூன்று வருஷக் கெடு இருக்கிறது. எங்களிடம் கெடுவும் இல்லை, எழுதின விதியும் இல்லை. வாட்ஸ்அப்பில் கோபம் மட்டும் தாராளமாக இருந்தது.

நோட்டீஸைக் கொடுக்கப் போனது நான்தான். கதவு திறக்கவே நேரமாயிற்று. அக்காவின் முட்டி வீங்கியிருந்தது.

"குனிய முடியல தம்பி. சொன்னா பாத்திய எடுத்துருவீங்கன்னுதான் வாயத் தொறக்கல."

நோட்டீஸ் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. இந்த மூன்று மாதத்தில் எங்களில் ஒருவர்கூட அந்தக் கதவைத் தட்டவில்லை. அக்கா சொல்லாததைவிட அதுதான் பெரிய தப்பு.

இப்போது பாதிப் பாத்தி, வெகுநாளாக இடம் கேட்டுக் காத்திருந்த ஒரு தம்பதிக்கு. மீதி அக்காவுக்கே. பாசார் போரோங்கில் வாங்கிய பழைய தெர்மாகோல் பெட்டிகளில் மண் நிரப்பி மேசைமேல் வைத்துவிட்டோம். நின்றபடியே கீரை விதைக்கிறார். பாத்தியின் பெயர்ப் பலகையில் அவர் பெயரை அழிக்கவில்லை, கீழே இரண்டு பெயர் சேர்த்திருக்கிறோம்.

லாலாங் வேர் இன்னும் முழுசாகப் போகவில்லை. சனிக்கிழமை காலை ஏழரைக்கு கோத்தோங் ரோயோங். மண்வெட்டி இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.