காலதர்

சாளரத்துக்குத் தமிழில் காலதர் என்றொரு பழைய பெயர் உண்டு. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் வரும் இச்சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம், சாளரத்தைக் காற்றின் வழியாகவே கண்ட முன்னோரை நாம் வியப்பதுண்டு. வியந்துவிட்டு, மாலையில் காரில் ஏறி நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிக்கொள்கிறோம். அதன்பின் அவ்வாகனத்துக்கு எஞ்சுவது ஒரே ஒரு காலதர். அதைத் திறப்பதும் மூடுவதும் ஏசி பொத்தான்களுக்கிடையே உள்ள ஒரு சிறு பொத்தானின் வேலை.

அப்பொத்தானில் ஒரு காரின் படமும் அம்புக்குறியும் இருக்கும். அம்பு காருக்குள்ளேயே வளைந்து திரும்பினால், உள்ளிருக்கும் காற்றே மீண்டும் மீண்டும் சுழல்கிறது. வெளியிலிருந்து உள்ளே நுழைவதாக இருந்தால் புதுக்காற்று வருகிறது. ஏசி எப்போதும் வெளிக்காற்றை இழுத்தே குளிரூட்டுகிறது என்று எண்ணுவோர் பலர். உள்சுழற்சியில் அப்படியன்று, குளிர்ந்த காற்றையே அது மறுபடி குளிர்விக்கிறது. அதனால்தான் சித்திரை வெயிலிலும் விரைவில் குளிர்கிறது. ஏசியின் சுமையும் குறைகிறது.

காஞ்சிபுரத்திலிருந்து நாங்கள் நால்வர் ஒரே காரில் கல்லூரிக்குப் போய்வருகிறோம். ராஜகுளம், சுங்குவார்சத்திரம் என்று நீளும் பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்குக் குறைவில்லை. முன்னால் ஒரு லாரி புகை கக்கிச் செல்கையில் உள்சுழற்சியைப் போல உதவுவது வேறில்லை. புகையும் புழுதியும் பெருமளவு வெளியிலேயே நின்றுவிடும். ஆகவே ஒருமுறை அழுத்திய பொத்தானைப் பிறகு யாரும் நினைப்பதில்லை.

ஒரு மாலை, விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பேச்சு மெல்ல ஓய்ந்தது. பின்னிருக்கையில் இருவர் உறங்கிவிட்டனர். ஓட்டிக்கொண்டிருந்த நண்பரின் தலை ஒரு நொடி சாய்ந்தது. முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி. “சார்!” என்ற குரலுக்கு விழித்து அவர் பிரேக்கை மிதித்தார். ஓரங்கட்டிக் கண்ணாடிகளை இறக்கியபோது வந்த காற்று வெப்பமாகத்தான் இருந்தது. ஆயினும் சில நிமிடங்களில் தலையின் பாரம் இறங்கியதை நால்வருமே உணர்ந்தோம்.

களைப்பு அன்றி வேறெதுவும் காரணமாக இருக்கலாமா என்று கேட்டதற்கு, இயற்பியல் துறை நண்பர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ கால் லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். நால்வருக்கு 1 லிட்டர். காருக்குள் இருப்பது சுமார் 3,000 லிட்டர் காற்று. வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 420 பங்கு அளவிலிருக்கும் இவ்வாயு, முற்றிலும் அடைபட்ட காரில் நிமிடத்துக்கு 300 பங்குக்கு மேல் ஏறும். கார் முற்றிலும் அடைபட்டதன்று. இடுக்குகள் வழியே சிறிது காற்று புகும். அப்படியும் கால் மணி நேரத்துக்குள் 2,000 பங்கைக் கடப்பது எளிது. தலைபாரமும் சோம்பலும் கவனச் சிதறலும் அங்கே தொடங்கிவிடலாம். களைப்போடு இதுவும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்!

எங்கள் ஊர் நெசவாளருக்கு இது புதிய பாடம் அன்று. வறண்ட காற்றில் பட்டிழை அறும் என்பதை அவர் அறிவார். குழித்தறியின் ஈரத்தை அவர் விரும்புவது அதனால்தான். அவரே பொழுது சாய்ந்ததும் கதவைத் திறந்து திண்ணைக்கு வந்துவிடுகிறார். இழைக்கு மூடியது மூச்சுக்கு ஆகாது. கோயிற் கருவறைக்கும் சாளரம் இல்லைதான். அதன் முன்னே நாம் நிற்பது சில நொடிகள் மட்டுமே. பிறகு அகன்ற பிராகாரம் நமக்காகக் காத்திருக்கிறது.

இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் முறை எளியது. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி, வெந்த காற்றை முதலில் வெளியேற்றுகிறோம். பின்பு உள்சுழற்சி. கால் மணிக்கு ஒருமுறை, புகையற்ற இடம் பார்த்துச் சில நிமிடங்கள் புதுக்காற்று. லாரி முன்னால் வந்தால் மூடி, கடந்ததும் திறக்கிறோம். ஐப்பசி மழையில் நிலைமை நேர்மாறு. உள்சுழற்சியில் நம் மூச்சின் ஈரம் சேர்ந்து முன்கண்ணாடியின் உட்புறம் பனிபோல் படரும். ஏசியை நிறுத்தாமல் புதுக்காற்றுக்கு மாற்றினால் விரைவில் தெளிந்துவிடும். புதுக்காற்று வரும் வழியில் வடிகட்டி உள்ள கார்களில் அதை உரிய காலத்தில் மாற்றவும் வேண்டும்; புழுதி அடைத்த வடிகட்டியால் காலதர் திறந்தும் பயனில்லை.

இப்பொத்தானால் ஆகாதது ஒன்றுண்டு. நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் உறங்குவோருக்கு, புகைக்குழாயிலிருந்து கசிந்து உட்புகும் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே உலை வைக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அம்பு எப்பக்கம் திரும்பியிருந்தாலும் காப்பில்லை.

குழந்தைகளும் முதியோரும் காற்றுப் போதவில்லை என்று வாய்விட்டுச் சொல்வதில்லை, பேசாமல் உறங்கிவிடுகிறார்கள். குளிரில் சுகமாகத் தூங்குகிறார்கள் என்று நாமும் மகிழ்ந்துகொள்கிறோம். அவர்கள் பொருட்டேனும் அந்த அம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று வழியில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.