பழவேற்காட்டுக்குச் சைக்கிள் சவாரி

பொன்னேரி வரையில் ரயிலில் போய், அங்கிருந்து பழவேற்காட்டுக்குச் சைக்கிளில் போகப்போவதாக நான் சொன்னபோது வீட்டில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை!

கடற்காற்று எதிரே நின்று மல்லுக்கட்டியது. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டை இருந்த இடத்தையும், அவர்களுடைய கல்லறைகளையும் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்குத் திரும்பினேன். பாதை மணலாயிற்று. அதற்குப் பிறகு சைக்கிள் என்னைச் சுமக்கவில்லை. நான்தான் சைக்கிளைச் சுமந்தேன்.

கரையில் ஒரு முதிய மீனவர் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியில் மற்றவர்களின் படகுகள் நின்றன.

"பெரியவரே, நீங்கள் போகவில்லையா?"

"இன்னிக்கு எங்க பாடு இல்லீங்க."

எந்தக் கூட்டத்தார் எந்த நாளில் எந்த இடத்தில் வலையிடலாம் என்று முறைவைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அங்கே 'பாடு' என்று பெயர். காவலுக்குச் சேவகன் கிடையாது. ஆயினும் முறையில்லாதவர் வலையை நனைப்பதில்லை. டிக்கட் வாங்கும் ஜன்னலில் முண்டியடித்த என் முழங்கையை நினைத்துக்கொண்டேன்.

"முறை தப்பாதுங்க. முகத்துவாரத்தை மணல் மூடிட்டாத்தான் பயம். கடல் தண்ணி வராது, இறால் வராது. அப்புறம் யார் பாடா இருந்தா என்ன?"

வலையை வைத்துவிட்டு எழுந்து வந்து, சைக்கிளைக் கெட்டித் தரை வரையில் தள்ளிக் கொடுத்தார்.

"ஏறிக்குங்க. போறப்போ காத்து பின்னாலே இருக்கும்" என்றார்.