முட்டையைத் திருப்பக் கூடாது

ஆர்லாண்டோவிலிருந்து டேட்டோனா கடற்கரைக்குப் போகும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பைன் மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால் அந்த வீடு. பின்பக்கம் கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையைச் சுவர் எழுப்பி அடைத்து, ஏசி மாட்டி, பாம்பு வளர்க்கும் அறையாக மாற்றியிருந்தார்கள் ஒரு கணவனும் மனைவியும். கணவர் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அந்த அம்மாள் ஒரு பல் மருத்துவரிடம் கணக்கு எழுதியவர். ஃப்ளோரிடாவில் இருக்கும் என் அக்கா மகன் அவர்களிடம் ஒரு குட்டிக்குச் சொல்லி வைத்திருந்தான். முட்டையிடும் பருவத்தில் போனால்தான் தொழிலைப் பார்க்க முடியும் என்று மே மாதக் கடைசியில் என்னையும் கூட்டிப் போனான்.

உள்ளே நுழைந்தபோது பாம்பே கண்ணில் படவில்லை. தரையிலிருந்து தலைக்கு மேல் வரை, பழைய நாட்டு மருந்துக் கடை போல, இழுப்பறைகள்தான். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஓர் அட்டை: ஆணா பெண்ணா, எடை என்ன, கடைசியாக எப்போது தின்றது, எப்போது சட்டை உரித்தது, எந்த ஆணோடு எந்தத் தேதியில் சேர்ந்தது. இழுப்பறைகளின் பின்புறமாக ஒரு சூட்டுப் பட்டை ஓடுகிறது. அந்தப் பக்கம் 32 டிகிரி செல்சியஸ், முன்பக்கம் நான்கைந்து டிகிரி குறைவு. தனக்கு வேண்டிய சூட்டைப் பாம்பு தானே தேடிப் போகும். போவதற்கு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அடியில் பரப்பியிருந்தது தேங்காய் மஞ்சி. பையைத் திருப்பிப் பார்த்தேன், இலங்கைச் சரக்கு.

அங்கே இருந்தவை எல்லாம் ஒரே இனம்: பால் பைத்தான் (ball python). கானா, டோகோ, பெனின் நாடுகளில் எலி வளைகளில் குடியிருக்கும் சின்ன மலைப்பாம்பு. விஷம் கிடையாது. பெண் பாம்பே ஐந்தடிக்கு மேல் போவது அரிது. மிரண்டால் பெரும்பாலும் கடிக்க வராது, தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அந்தக் கோழைத்தனம்தான் அதை வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தது.

பெண் ஒன்றரைக் கிலோ எடை வராமல் ஆணோடு சேர்ப்பதில்லை. நவம்பரில் இரவுச் சூட்டைச் சில டிகிரி இறக்கி, ஆணை இரண்டு மூன்று நாள் பெண்ணின் பெட்டியில் விட்டு எடுப்பார்கள். இப்படியே மாசி பங்குனி வரை போகும். சினைப் பக்குவம் வந்த பெண் தீனியை மறுக்கும், தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு குளிர்ச்சி தேடும், சிலது மல்லாந்துகூடப் படுக்கும். பிறகு ஒரு நாள் நடு உடம்பு பெரிய இரையை விழுங்கியதுபோல வீங்கி நிற்கும். மறுநாள் அந்த வீக்கம் இருக்காது. அதைப் பார்க்கத் தவறியவர்களுக்கு அடுத்த அடையாளம் சட்டை உரிப்பு. உரித்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டை. ஆணே வேண்டாத கதையும் உண்டு: 2020-இல் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆணின் பக்கமே போகாமல், 7 முட்டை இட்டது. இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று விடியற்காலையில் ஒன்று முட்டையிட்டிருந்தது. இழுப்பறையை இழுத்ததும் முட்டை தெரியவில்லை. கூம்பு மாதிரி அடுக்கிய சுருள்களும் உச்சியில் ஒரு தலையும் மட்டும்தான். அவர் ஒரு துண்டைத் தலைமேல் போட்டு மூடி, வால் பக்கமிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். பாம்பு விடவில்லை. பிரித்த சுற்று மறுபடியும் இறுகியது. அவர் இழுக்கவும் இல்லை; இறுகியது தளரும் வரை கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் ஆறு முட்டைகள் வெளியே வந்தன. ஓடு கிடையாது, வெள்ளைத் தோல். ஈரம் காயாத தோல். ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன. ஒட்டி இறுகிவிட்டால் பிரிக்கக் கூடாது, கொத்தாகவே வைத்துவிட வேண்டும்.

விளக்கை அணைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் சிறிய டார்ச்சை வைத்துக் காட்டினார். உள்ளே ரோஜா நிறம், அதில் மயிரிழை போலச் சிவப்பு நரம்புகள். ஒன்று மட்டும் சிறுத்து, மஞ்சளாய், மெழுகு உருண்டையாக இருந்தது. கரு கூடாதது. அதைத் தனியே வைத்தார். மற்ற ஐந்தின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு கோடு. இனி அந்தக் கோடு மேலேயே இருக்க வேண்டும். கோழி தன் முட்டையை அலகால் உருட்டி உருட்டி விடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பாம்பு முட்டைக்கு அது ஆகாது. இட்ட ஒரு நாளுக்குள் கரு மேல்பக்கத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு புரட்டினால் அது மூழ்கிச் சாகலாம். நாங்கள் இருந்த நேரம் முழுக்க அவர் கை அந்த முட்டைகளைத் தொட்டது அந்தச் சில நிமிடங்கள்தான்.

தாயை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மஞ்சியையும் மாற்றினார் அந்த அம்மாள். முட்டையின் வாடை இருக்கும்வரை அது காவல் காக்கும், தின்னாது. மாதக்கணக்கில் பட்டினி, முதுகெலும்பு கூரை முகடாகத் தெரிந்தது. காட்டில் விட்டிருந்தால் இன்னும் இரண்டு மாதம் அப்படியே சுருண்டு கிடந்திருக்கும். பர்மிய மலைப்பாம்பு அடைகாக்கும்போது தசையைத் துடிக்க வைத்துச் சூடு உண்டாக்கும். 1841-லேயே பாரிஸில் அளந்து எழுதிவிட்டார்கள். பால் பைத்தானுக்கு அந்த வித்தை கிடையாது. அது சுற்றிக்கொள்வதில் பெரிய லாபம் ஈரம் காப்பதுதான் என்று 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே தாயின் இடத்தில் வைக்கும் பெட்டியும் முதலில் ஈரத்தைத்தான் காக்க வேண்டும்.

அந்தப் பெட்டியில் மந்திரம் எதுவும் இல்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. அதில் எடைக்கு எடை தண்ணீர் சேர்த்த வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகள். கையில் பிழிந்தால் பிடியாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. டப்பாவை வைப்பது ஒரு பழைய பானக் கடைக் குளிர்பெட்டிக்குள். குளிர் எந்திரத்தைக் கழற்றிவிட்டு, சூட்டுப் பட்டையும் கம்ப்யூட்டர் விசிறியும் தெர்மோஸ்டாட்டும் மாட்டி, அடித்தட்டில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பியிருந்தார். கரண்ட் போனால் அந்தத் தண்ணீரின் சூடு சில மணி நேரம் தாங்கும். அதற்குமேல் ஜெனரேட்டர். ஜூன் பிறந்தால் அங்கே சூறாவளிக் காலம். 31.5 டிகிரியில் ஏறக்குறைய அறுபது நாள். இரண்டு டிகிரி கூடினால் முதுகு வளைந்த குட்டிகள், அதற்கும் மேலே போனால் குட்டியே இல்லை. பார்க்கும் ஆசையில் அடிக்கடி மூடியைத் திறப்பவர்களால்தான் பாதி முட்டைகள் கெடுகின்றன என்றார் அந்த மெக்கானிக்.

ஆனால் ஆசை அவரையும் விடவில்லை. மேல் தட்டில் மார்ச் கடைசியில் இட்ட முட்டைகள் சொட்டை விழுந்து அமுங்கியிருந்தன. அடுத்த சில நாளில் குட்டிகள் மூக்கு நுனியில் இருக்கும் முட்டைப்பல்லால் தாமே தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அவர் காத்திருக்கவில்லை. நகம் வெட்டும் அளவுக் கத்தரிக்கோலால் பென்சில் கோட்டின் பக்கத்தில் ஒரு சிறு ஜன்னல் வெட்டினார். கெட்டியான நீர் கசிந்தது. உள்ளே ஏதோ புரண்டது. கிழிக்க முடியாமல் திணறும் குட்டியைக் காப்பாற்றத்தான் இது என்பது இந்தத் தொழிலில் சொல்லும் நியாயம். எனக்கு அப்படிப் படவில்லை. ஜன்னல் வழியே முதலில் பார்த்தது குட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று அல்ல, என்ன நிறம் என்றுதான்.

நிறத்தில்தான் பணம். 1992-இல் ஓக்லஹாமாவைச் சேர்ந்த பாப் கிளார்க் முதல் முதலாக அல்பினோ பால் பைத்தானை இனப்பெருக்கம் செய்து காட்டினார். அன்றிலிருந்து இது பாம்பு வளர்ப்பாக மட்டும் இல்லை, மெண்டலின் பட்டாணிக் கணக்காகவும் ஆகிவிட்டது. மரபில் அல்பினோவை மறைத்து வைத்திருக்கும் இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒன்று அல்பினோ. இரண்டு மறை குணங்கள் ஒரே குட்டியில் வேண்டுமென்றால் பதினாறில் ஒன்று. ஆறு முட்டை போடும் பாம்பிடம் பதினாறில் ஒன்றைக் கேட்பது லாட்டரிதான். அந்த அம்மாளின் கணக்கு நோட்டில் பாதி இந்த விகிதங்களே. விற்ற ஒவ்வொரு குட்டியும் மூன்று நான்கு வருடத்தில் போட்டிக்காரரின் தாய்ப் பாம்பாகிவிடும். அதனால் எந்தப் புது நிறத்தின் விலையும் நிற்பதில்லை. ஆயிரக்கணக்கான டாலருக்குப் போன அல்பினோ இப்போது நூறு, இருநூறுக்குள் வந்துவிட்டது.

இந்த ஓட்டத்தில் அவலங்களும் பிறந்தன. ‘ஸ்பைடர்’ என்ற வகை 1999-இல் வந்தது. சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகள், பார்க்க அத்தனை அழகு. அந்த மரபணுவோடு ஒரு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது: தலை ஆடும், இரையைக் குறி தவறும், மோசமானவை மல்லாந்து திருகிக்கொள்ளும். இரண்டையும் பிரிக்க யாராலும் முடியவில்லை. இவர்கள் அந்த வகையை நிறுத்திவிட்டார்கள். வாங்க ஆள் குறைந்துவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். தீனி வைக்கும்போது பார்க்கச் சகிக்கவில்லை என்பது அந்த அம்மாள் சொன்னது. அங்கே தீனி வைப்பவர் அந்த அம்மாள்தான்.

ஃப்ளோரிடாவில் பாம்பு வளர்க்கிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லவே தயங்குவார்களாம். வளர்க்கக் கொண்டுவந்த பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் விடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்புக்காட்டில் பெருகி, முயலையும் ரக்கூனையும் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டன. 2012-இல் அமெரிக்க அரசு அந்த இனத்தின் இறக்குமதியைத் தடுத்தது. 2021-இல் மாநிலமும் தடைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றைப் பிடிக்க 2017-இல் அங்கே போனவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடித்தார்கள். இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ. இந்தக் கதை அந்தத் தம்பதிக்கும் தெரிந்திருந்தது. பெயர்களை நான் திருத்தமாகச் சொல்லிக் கொடுத்தேன்.

குட்டியை இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா என்று அக்கா மகனைக் கேட்டேன். “சித்தி, பெட்டியோட பிடிச்சு உள்ள வச்சிருவாங்க” என்றான். நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்துக்கொள்வதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனம் என்றால் உரிமம், பதிவு. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னையில் இறங்கிய ஒரு பெண்ணின் பெட்டிகளில் 22 பாம்புகள் இருந்தன.

அவன் கேட்ட குட்டி ஏற்கெனவே பொரித்து, முதல் சட்டையும் உரித்திருந்தது. ஆனால் அன்று கொடுக்கவில்லை. தானாக மூன்று முறை தின்றால்தான் விற்பனை. உறைய வைத்த சுண்டெலியை வெந்நீரில் போட்டுச் சூடேற்றி, இடுக்கியால் பிடித்து அந்த அம்மாள் காட்டினார்; பால் பைத்தான் உதட்டுக் குழிகளால் சூட்டை வைத்தும் இரையை அறியும். இரண்டு தடவை தின்றிருக்கிறது, மூன்றாவதை அன்று தொடவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அட்டையில் எழுதிவிட்டு, விலையைச் சொன்னார்: 90 டாலர். பெட்டிக்கும் சூட்டுப் பட்டைக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் அதைவிடக் கூடுதலாகும். தெர்மோஸ்டாட் வாங்காதவர்களுக்கு அவர் குட்டி விற்பதில்லை, பில்லைக் காட்ட வேண்டும். அவன் அங்கேயே நின்றுகொண்டு போனில் ஆர்டர் போட்டான்.